பெர்ல் ஸ்கிரிப்டில் மாட்டிக்கொண்டால்: உதவி கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெர்ல் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கிய புதிதில், இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் ஒரு ஸ்கிரிப்ட் என்னை இரண்டு நாள் படுத்திவிட்டது. ஒரு ஃபைலில் அடையாள எண்கள், இன்னொன்றில் அதே எண்களும் பெயர்களும். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஸ்கிரிப்ட் மட்டும் ‘பொருந்தவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 400 வரி ஸ்கிரிப்டை அப்படியே உடன் வேலை பார்த்த ஒருவருக்கு அனுப்பி, “வேலை செய்யவில்லை, கொஞ்சம் பாருங்கள்” என்று எழுதினேன். பதில் வரவில்லை. மறுநாள் நேரில் போய்க் கேட்டபோது அவர் மூன்றே மூன்று கேள்வி கேட்டார். என்ன வரவேண்டும்? என்ன வருகிறது? ஃபைலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடியபோதே காரணம் கிடைத்துவிட்டது. ஒரு ஃபைல் விண்டோஸில் உருவானது. அதன் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மூன்று கேள்வியை முதல் நாளே நான் என்னிடம் கேட்டிருந்தால் இரண்டு நாள் மிச்சம். உங்களுக்காவது அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெர்ல் சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

1. முதலில் பெர்லைப் பேச விடுங்கள்

ஸ்கிரிப்டின் தலையில் இரண்டு வரி இருக்கிறதா பாருங்கள்: ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்;’, ‘யூஸ் வார்னிங்ஸ்;’. இல்லையென்றால் உதவி கேட்பதைத் தள்ளிவைத்து முதலில் இவற்றைச் சேருங்கள். உங்களிடம் இருப்பது 5.36 அல்லது அதற்குப் பிந்தைய பெர்ல் என்றால் ‘யூஸ் வி5.36;’ என்ற ஒரே வரி இரண்டையும் இயக்கிவிடும்.

ஸ்ட்ரிக்ட் இல்லாமல் ஒரு வேரியபிளின் பெயரை ஓரிடத்தில் தப்பாகத் தட்டினால், பெர்ல் அதைப் புது வேரியபிளாக எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். ஸ்ட்ரிக்ட் இருந்தால் ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன்பே அதைப் பிடித்துச் சொல்லும். பழைய ஸ்கிரிப்டில் இந்த வரிகளைச் சேர்த்ததும் எரர்கள் கொட்டும். பயந்துபோய் வரிகளை எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ‘மை’ போட்டு வேரியபிளை அறிவித்தாலே முக்கால்வாசி போய்விடும்.

எரர் வரிசையாக வந்தால் முதலாவதை மட்டும் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். விட்டுப்போன ஓர் அரைப்புள்ளி பத்து எரராகக் காட்சி தரும். ஓட்டாமல் இலக்கணம் மட்டும் பார்க்க ‘பெர்ல் -சி’ என்று தட்டி ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுக்கலாம். (‘யூஸ்’ வரிகளும் ‘பிகின்’ தொகுதிகளும் அப்போதும் ஓடும். யாரோ கொடுத்த, நம்பிக்கையில்லாத ஸ்கிரிப்டை இப்படிச் சோதிப்பதும் பாதுகாப்பல்ல.)

2. எரரை முழுதாகப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். எரர் என்று கண்டதும் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆனால் பெர்லின் எரர்களில் சேதி நிறைய இருக்கும். அடிக்கடி வருபவை சில:

‘யூஸ் ஆஃப் அன்இனிஷியலைஸ்டு வேல்யூ’: மதிப்பே இல்லாத ஒரு வேரியபிளைப் பயன்படுத்துகிறீர்கள். எந்த வேரியபிள், ஸ்கிரிப்டின் எந்த வரி என்பது செய்தியிலேயே இருக்கும். கடைசியில் கோண அடைப்புக்குள் ஃபைல்ஹேண்டிலின் (திறந்த ஃபைலைக் குறிக்கும் பிடி) பெயரும் அதற்குப் பின்னால் இன்னொரு வரி எண்ணும் வந்தால் கவனியுங்கள். அது ஸ்கிரிப்டின் வரி எண் அல்ல, படித்துக்கொண்டிருந்த டேட்டா ஃபைலின் வரி எண். அங்கே 37 என்றிருந்தால் டேட்டா ஃபைலைத் திறந்து 37ஆவது வரியைப் பாருங்கள். காலி வரியோ, ஒரு பத்தி (நெடுவரிசை) குறைந்த வரியோ இருக்க வாய்ப்பு அதிகம்.

‘சின்டாக்ஸ் எரர்’: அது காட்டும் வரியில் தவறு இல்லையென்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். அரைப்புள்ளி அங்கேதான் விட்டுப்போயிருக்கும்.

‘மைட் பி எ ரன்அவே மல்டிலைன் ஸ்ட்ரிங்’: எங்கேயோ திறந்த மேற்கோள்குறியை மூடவில்லை. எந்த வரியில் அந்த ஸ்ட்ரிங் தொடங்கியது என்று செய்தியே சொல்லும். நேராக அந்த வரிக்குப் போங்கள்.

‘கான்ட் லொகேட்’ என்று தொடங்கி நீளமாக ஃபோல்டர் பட்டியல் வந்தால், பெர்ல் அந்த ஃபோல்டர்களில் எல்லாம் தேடியும் மாட்யூல் (தனி ஃபைலில் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) கிடைக்கவில்லை என்று பொருள். மாட்யூல் நிறுவப்படாமல் இருக்கலாம், பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம். நீங்களே எழுதிய மாட்யூல் ஸ்கிரிப்டின் பக்கத்திலேயே இருந்தும் இந்த எரர் வருகிறதா? 5.26 பதிப்பிலிருந்து பெர்ல் நடப்பு ஃபோல்டரில் தானாகத் தேடுவதில்லை. ‘ஃபைண்ட்பின்’ மாட்யூலையும் ‘யூஸ் லிப்’ வரியையும் சேர்த்து அந்த ஃபோல்டரை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

‘வைட் கேரக்டர் இன் பிரிண்ட்’: என்கோடிங் சொல்லாமல் எழுத்தை வெளியே அனுப்புகிறீர்கள். தமிழில் வேலை செய்கிற நமக்கு இது தினமும் வரும். ‘தமிழ்’ என்ற சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதி அதன் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். சும்மா கேட்டால் 15 என்று வரும், அது பைட் கணக்கு. ‘யூஸ் யுடிஎஃப்8;’ சேர்த்துக் கேட்டால் 5 வரும், அது யூனிகோட் குறிகளின் கணக்கு. நாம் எண்ணுகிற மூன்று எழுத்து வேண்டுமென்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளைத் தேடிப் பொருத்தும் வடிவம்) பேக்ஸ்லாஷுடன் பெரிய எக்ஸ் போட்டுப் பொருத்தி எண்ண வேண்டும். ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: உள்ளே வரும்போது டீகோட் (பைட்டை எழுத்தாக்குவது), வெளியே போகும்போது என்கோட் (எழுத்தைப் பைட்டாக்குவது). ஃபைலைத் திறக்கும்போதே என்கோடிங்கைச் சொல்லுங்கள். திரைக்கு எழுத ‘பின்மோட்’ கொண்டு சொல்லுங்கள். டீகோட் செய்யாமல் என்கோட் மட்டும் செய்தால் எரர் நின்றுபோய், எழுத்துக்குப் பதில் குப்பை வரும்.

செய்தி புரியவே இல்லையென்றால் தற்காலிகமாக ‘யூஸ் டயக்னாஸ்டிக்ஸ்;’ சேருங்கள். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு பத்தி விளக்கம் தரும். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

3. இருப்பதைக் கண்ணால் பாருங்கள்

வேரியபிளில் என்ன இருக்கிறது என்று நாம் நினைப்பது வேறு, உண்மையில் இருப்பது வேறு. பிரிண்ட் செய்யும்போது மதிப்பின் இருபுறமும் சதுர அடைப்புக்குறி போட்டுப் பிரிண்ட் செய்யுங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் இடைவெளி அப்போது தெரிந்துவிடும்.

அதைவிட நல்லது ‘டேட்டா::டம்ப்பர்’. பெர்லுடனேயே வருகிறது, தனியாக நிறுவ வேண்டாம். அதில் ‘யூஸ்க்யூக்யூ’ என்ற அமைப்பை 1 ஆக்கினால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையும் எழுதிக் காட்டும். என் இரண்டு நாள் சிக்கலை இது ஒரு நிமிடத்தில் காட்டியிருக்கும். ‘சாம்ப்’ வரி முடிவிலிருக்கும் புது வரிக் குறியை மட்டும் எடுக்கும். விண்டோஸ் ஃபைலை லினக்ஸில் படித்தால் அதற்கு முன்னால் உள்ள கேரேஜ் ரிட்டர்ன் (நான் மாட்டிய அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்து) அப்படியே தங்கிவிடும். சாம்ப்புக்குப் பதிலாக, வரி முடிவில் வரும் பேக்ஸ்லாஷ்-பெரிய-ஆரை நீக்கினால் இரண்டு வகை முடிவும் போய்விடும்.

சோதனைக்குப் பிரிண்டைவிட ‘வார்ன்’ வசதி. செய்தியின் கடைசியில் புது வரிக் குறி போடாமல் விட்டால் வரி எண்ணையும் தானே சேர்த்துக் கொடுக்கும். பிரிண்டின் வெளியீடு தாமதமாக வந்து வரிசை குழம்பினால், ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் $| = 1; என்று போடுங்கள்.

ஃபைலைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் ‘ஆர் டை’ போட்டு, செய்தியில் $! ஐயும் ஃபைலின் பெயரையும் சேருங்கள். ஃபைல் இல்லையா, அனுமதி இல்லையா என்பதை $! சொல்லிவிடும். இங்கே ‘ஆர்’ என்ற சொல்லுக்குப் பதில் || போட்டால், அடைப்புக்குறி இல்லாத ‘ஓபன்’ வரியில் அது ஃபைல் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், ‘டை’ நடக்கவே நடக்காது.

4. எல்லோரும் விழும் குழிகள்

யாரிடமும் கேட்பதற்கு முன் இவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எண்களை ஒப்பிட ==, எழுத்துகளை ஒப்பிட ‘ஈக்யூ’. எழுத்துகளுக்கு == போட்டால் இரண்டு பக்கமும் பூஜ்யமாகி, எல்லாமே சமம் என்று வரும். ‘இஃப்’ உள்ளே ஒற்றை = போட்டால் அது ஒப்பீடே அல்ல, மதிப்பைத் திணிப்பது.

அடைப்புக்குறி இல்லாமல் ஓர் அரேயை (மதிப்புகளின் பட்டியல்) சாதாரண வேரியபிளில் போட்டால் எண்ணிக்கை வரும். ‘மை’ க்குப் பின் வேரியபிளை அடைப்புக்குள் போட்டால் முதல் உறுப்பு வரும். பெர்லில் பாதிக் குழப்பம் இந்தச் சூழல் வேறுபாட்டால்தான். ஒரு ஃபங்ஷன் விநோதமான எண்ணைத் தந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

‘சார்ட்’ எதுவும் சொல்லாவிட்டால் எழுத்து வரிசையில்தான் அடுக்கும். 10 முன்னால் வரும், 9 பின்னால் போகும். எண் வரிசைக்கு <=> போட வேண்டும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொருந்தாதபோது $1 (முதல் அடைப்புக்குறிக்குள் பொருந்திய பகுதி) காலியாகாது. முன்பு பொருந்தியதன் மதிப்பு அதிலேயே இருக்கும். ஆகவே ‘இஃப்’ போட்டுப் பொருந்தியது உறுதியான பிறகே $1 ஐத் தொடுங்கள். தவறான மதிப்பு அமைதியாக அடுத்த வரிக்கும் போய் உட்காரும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

‘ஸ்ப்ளிட்’டில் | குறியால் பிரிக்க நினைத்தால் அதற்கு முன் \ போடுங்கள். இல்லாவிட்டால் எழுத்து எழுத்தாகப் பிரித்துவிடும். கமா ஃபைலை ஸ்ப்ளிட்டால் பிரிக்காதீர்கள். மேற்கோளுக்குள் ஒரு கமா வந்தால் எல்லாப் பத்தியும் நகர்ந்துவிடும். ‘டெக்ஸ்ட்::சிஎஸ்வி’ மாட்யூல் இதற்காகவே இருக்கிறது.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓடவில்லை என்றால் ஸ்கிரிப்டைக் குறை சொல்லாதீர்கள். கிரான் வேறு ஃபோல்டரில் நின்று, சுருக்கமான பாத்தோடு (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) ஓட்டுகிறது. ஃபைல்களுக்கு முழுப் பாதை கொடுங்கள். எந்தப் பெர்ல் ஓடுகிறது என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

5. உங்கள் கணினியிலேயே உள்ள கையேடு

‘பெர்ல்டாக் -எஃப் ஸ்ப்ளிட்’ என்று தட்டினால் ஸ்ப்ளிட்டின் முழு விளக்கம் வரும். ‘-க்யூ’ போட்டு ஒரு சொல்லைக் கொடுத்தால், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளின் தலைப்புகளில் தேடும். ‘-வி’ போட்டால் $. போன்ற சிறப்பு வேரியபிள்களை விளக்கும். டெர்மினல் $ குறியை விழுங்கிவிடாமல் ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். உபுண்டு, டெபியனில் இந்தக் கையேடு தனி பேக்கேஜ். பெர்ல்டாக் என்று தட்டியதும் நிறுவச் சொல்லும், நிறுவிக்கொள்ளுங்கள்.

இந்தக் கையேடு உங்கள் கணினியில் உள்ள பெர்ல் பதிப்புக்கே உரியது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல மிகப் பழையவை. ‘மை’ இல்லாத வேரியபிள்கள், ‘ஓபன்’னில் இரண்டே வாதங்கள், ஃபங்ஷனை அழைக்கும்போதெல்லாம் முன்னால் & என்று கண்டால் அந்தப் பாடத்தை மூடிவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் ஸ்கிரிப்டும் அப்படியே நம்பத்தக்கதல்ல. இல்லாத மாட்யூலை இருப்பதாக எழுதிவிடும். மாட்யூல் சிபானில் (பெர்ல் மாட்யூல்களின் இணையக் களஞ்சியம்) இருக்கிறதா, ஃபங்ஷன் பெர்ல்டாக்கில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

6. மாட்யூல் நிறுவுதல்: செலவும் நேரமும்

பணச் செலவு எதுவும் இல்லை. பெர்ல், கையேடு, சிபானில் உள்ள மாட்யூல்கள் எல்லாமே இலவசம். விண்டோஸுக்கான ஸ்ட்ராபெரி பெர்லும் அப்படித்தான். நேரம்தான் செலவாகும்.

முதலில், நிறுவ வேண்டியது உண்மையிலேயே தேவையா பாருங்கள். ‘லிஸ்ட்::யூட்டில்’, ‘டைம்::பீஸ்’, ‘கெட்ஆப்ட்::லாங்’, ‘ஃபைல்::ஃபைண்ட்’, ‘ஜேசன்::பிபி’ எல்லாம் பெர்லுடனேயே வருகின்றன. லினக்ஸில் பல மாட்யூல்கள் பேக்கேஜாகவே கிடைக்கும், பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே இல்லாததற்கு, சிபானிலிருந்து நிறுவித் தரும் ‘சிபான்மினஸ்’ என்ற கருவி எளிது. சில மாட்யூல்களுக்கு சி கம்பைலர் வேண்டும். ஸ்ட்ராபெரி பெர்லில் அது சேர்ந்தே வரும், மற்ற இடங்களில் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம். இவற்றுக்கு அரைமணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள்.

சிஸ்டத்தோடு வந்த பெர்லில் ‘சூடோ’ போட்டு (நிர்வாகி அனுமதியோடு) சிபானிலிருந்து நிறுவாதீர்கள். இயங்குதளத்தின் கருவிகளே அந்தப் பெர்லை நம்பி ஓடக்கூடும். ‘லோக்கல்::லிப்’ கொண்டு உங்கள் ஹோம் ஃபோல்டரில் நிறுவுங்கள். நிறுவிய பிறகும் ‘கான்ட் லொகேட்’ வந்தால், அந்த ஃபோல்டரைப் பெர்லுக்கு இன்னும் சொல்லவில்லை என்று அர்த்தம். லோக்கல்::லிப் தரும் வரிகளை ஷெல்லின் தொடக்க ஃபைலில் சேர்த்து, புது டெர்மினலைத் திறந்து பாருங்கள்.

7. ஸ்கிரிப்டைச் சுருக்குங்கள்

இதுவரை சரியாகவில்லையா? சரி, இப்போது உதவி கேட்கத் தயாராகலாம். ஸ்கிரிப்டை நகலெடுத்து, அந்த நகலில் பாதியை நீக்கி ஓட்டுங்கள். சிக்கல் இன்னும் இருந்தால் மறுபடி பாதி. காணாமல் போய்விட்டால் கடைசியாக நீக்கியதில்தான் காரணம், அதைத் திருப்பிப் போட்டு அதற்குள் தேடுங்கள். 20 வரிக்குள் கொண்டுவரப் பாருங்கள். முதல்முறை ஒரு மணி நேரம்கூட ஆகும், பழகினால் கால்மணி. பல முறை எனக்கு இந்தக் கட்டத்திலேயே விடை கிடைத்து, கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிருக்கிறது.

டேட்டாவைத் தனி ஃபைலாக அனுப்பாதீர்கள். ஸ்கிரிப்டின் கடைசியில் ‘டேட்டா’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில், இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடுகளோடு தனி வரியாகப் போட்டு, அதன் கீழே நான்கைந்து மாதிரி வரிகளை வையுங்கள். ஸ்கிரிப்ட் அந்த வரிகளை ஃபைல்போலவே படித்துக்கொள்ளும். உதவுகிறவர் ஒரே ஃபைலை ஓட்டிப் பார்த்துவிடலாம். சிக்கல் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளில் என்றால் மட்டும் இது போதாது, நகலெடுக்கும்போது அவை தொலைந்துவிடும். அப்போது டம்ப்பரின் வெளியீட்டைச் சேர்த்து அனுப்புங்கள். கடவுச்சொல், நிஜப் பெயர்கள், தொலைபேசி எண்கள் எதுவும் உள்ளே தங்கவில்லை என்று இரண்டு தடவை பாருங்கள்.

8. கேட்கும்போது கையில் இருக்க வேண்டியவை

- சுருக்கிய ஸ்கிரிப்ட். நகலெடுத்து ஒட்டியதாக இருக்க வேண்டும். பார்த்துத் தட்டினால் புதுப் பிழைகள் சேரும், உதவுகிறவர் அதைத் திருத்திக்கொண்டிருப்பார்.
- மாதிரி உள்ளீடு, அதற்கு என்ன வரவேண்டும், என்ன வருகிறது. மூன்றும் தனித்தனியாக.
- எரர் முழுவதும், எழுத்தாக. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.
- ‘பெர்ல் -வி’ காட்டும் பதிப்பு எண், இயங்குதளம், மாட்யூல் இருந்தால் அதன் பதிப்பு.
- ஏற்கெனவே முயன்றவை, இரண்டு வரியில்.

இவற்றோடு இன்னொன்றும் சொல்லுங்கள்: உண்மையில் எதற்காக இதைச் செய்கிறீர்கள்? “ஸ்ட்ரிங்கின் கடைசி மூன்று எழுத்தை எப்படி எடுப்பது?” என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் வரும். உங்களுக்கு வேண்டியது ஃபைலின் எக்ஸ்டென்ஷன் என்றால், நான்கு எழுத்து எக்ஸ்டென்ஷன் வரும் நாளில் ஸ்கிரிப்ட் உடையும். நோக்கத்தைச் சொல்லியிருந்தால் ‘ஃபைல்::பேஸ்நேம்’ என்ற மாட்யூலைக் காட்டியிருப்பார்கள்.

இப்படிக் கேட்கலாம்: “பெர்ல் 5.34, உபுண்டு. இரண்டு ஃபைல்களில் பொதுவாக உள்ள எண்களைப் பட்டியலிட வேண்டும். கீழே உள்ள 15 வரி ஸ்கிரிப்டில் இரண்டு எண் வர வேண்டும், ஒன்றுகூட வரவில்லை. எரரும் இல்லை. ஹாஷை டம்ப்பரில் பார்த்தேன், கீயின் கடைசியில் \ குறியும் ஓர் எழுத்தும் தெரிகின்றன. அது எங்கிருந்து வருகிறது?” இதற்குப் பதில் சொல்ல ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

ஒருவரிடம் கேட்டுவிட்டு உடனே இன்னொருவரிடமும் கேட்காதீர்கள். கேட்பதாக இருந்தால் இருவருக்கும் சொல்லிவிடுங்கள். ஒரே சிக்கலுக்கு இருவர் தனித்தனியாக மெனக்கெடுவது நியாயமில்லை. நீங்களே பார்க்க ஒரு மணி நேரம், சுருக்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் தனியாக உட்கார்ந்திராமல் கேட்டுவிடுங்கள்.

9. பதில் வந்த பிறகு

வந்த திருத்தத்தை முதலில் நகலில், மாதிரி டேட்டாவில் ஓட்டுங்கள். ஃபைலை அழிக்கும், பெயர் மாற்றும், உள்ளேயே திருத்தும் ஸ்கிரிப்ட் என்றால் முதல் ஓட்டத்தில் செய்ய வேண்டியதைப் பிரிண்ட் மட்டும் செய்யச் சொல்லிப் பாருங்கள். ‘-ஐ’ போட்டு ஃபைலை அங்கேயே திருத்துவதாக இருந்தால் அதோடு ‘.பேக்’ என்று சேர்த்துக்கொடுங்கள், பழைய ஃபைல் அந்தப் பெயரில் தங்கும். ஆனால் அதே கட்டளையை இரண்டாம் முறை ஓட்டினால் ‘.பேக்’ ஃபைலும் மாற்றி எழுதப்பட்டு அசல் தொலைந்துவிடும். அதனால் அசலின் ஒரு நகலை வேறு ஃபோல்டரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

திருத்தத்தில் புரியாத வரி இருந்தால் அப்போதே கேளுங்கள். அப்புறம், ஓடியதா இல்லையா என்று உதவியவருக்கு ஒரு வரி எழுதுங்கள். ஓடவில்லை என்றால் புதிய எரரை முழுதாகச் சேர்த்து, ஸ்கிரிப்டில் நீங்கள் மாற்றிய வரியையும் அனுப்புங்கள்.